பாஸ் போடாத வாத்தியார்

டீக்கடை பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால் அவர் அதன்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கிறார். கண்ணாடிக் குழாய்க்குள் கிடக்கும் காற்றுக்குமிழி ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. "பாத்தியா, பாத்தியா, நேத்துதானே சரி பண்ணேன்" என்று கடைக்காரரிடம் சலித்துக்கொள்கிறார். குனிந்து, கீழே கிடக்கும் ஓட்டுச் சில்லு ஒன்றைப் பெஞ்சுக் காலுக்கு அடியில் சொருகுகிறார். குமிழி நடுவுக்கு வந்ததும், "ஆங், இப்ப குடு" என்று டீயை வாங்கிக்கொண்டு உட்காருகிறார். அவர் எழுந்து போனதும் கடைக்காரர் அந்தச் சில்லை எடுத்துத் தூர எறிந்துவிடுவார். மற்றவர்களுக்கெல்லாம் சில்லு வைத்த பிறகுதான் பெஞ்சு ஆடுகிறதாம்.

இப்படி உலகத்தையே மட்டம் பார்க்கிற மனிதருக்கு "ரசமட்டம்" என்று பேர் வைக்காமல் வேறென்ன வைப்பார்கள்? முதுகுக்குப் பின்னால்தான் அந்தப் பேர். முகத்துக்கு நேரே "வாத்தியாரே" என்பார்கள். புதிதாக எழும்பிக்கொண்டிருக்கும் அரசுப் பல்கலைக்கழக வளாகத்தின் மூலையில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதுதான் அவருடைய பள்ளிக்கூடம். அங்கே அவர் சுவர் கட்டச் சொல்லிக் கொடுக்கிறார்.

அரசாங்கம் ஊருக்கு ஊர் பல்கலைக்கழகம் கட்டுவது என்று முடிவெடுத்தபோது கூடவே இன்னொன்றையும் முடிவெடுத்தது. வெளியிலிருந்து ஆள் இறக்கிக் கட்டக் கூடாது. உள்ளூர்க்காரர்களுக்கு அங்கேயே தொழிலைக் கற்றுக் கொடுத்து, அவர்கள் கையாலேயே கட்ட வேண்டும். கட்டடமும் எழும்பும், கட்டுகிற கைகளும் தேறும். சும்மா சொல்லக் கூடாது, நல்ல யோசனைதான். மேடையில் அறிவித்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். தட்டிய கைகளைத் தேற்றிவிடுகிற பொறுப்பு, பாதி ஆயுளுக்கு மேல் மேஸ்திரியாக இருந்த இவர் தலையில் வந்து விழுந்தது. அன்றிலிருந்து இவர் வெள்ளைச் சட்டை போட ஆரம்பித்தார். பையில் ஒரு பேனா. கைகள் எப்போதும் முதுகுக்குப் பின்னால். "கை அழுக்காகாம சொல்லிக் குடுக்கிறதுக்குப் பேருதான்யா வாத்தியார் வேலை. அழுக்கானா அது கொத்தனார் வேலை" என்பார்.

ஆனால் சொல்லிக் கொடுப்பதில் மனிதரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. "செங்கல்ல வைக்காத, உக்கார வை. விருந்தாளி மாதிரி. தள்ளி உக்காரச் சொல்லு, தலைல தட்டி உக்காரச் சொல்லாத." "கலவை கரண்டில ஒட்டவும் கூடாது, ஓடவும் கூடாது. மாப்பிள்ளை மாதிரி கொஞ்சம் யோசிச்சு எறங்கணும்." "மனுஷன் சாஞ்சா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாம். சுவரு சாஞ்சா நீதான் ஆஸ்பத்திரிக்குப் போவ." கேட்டுக்கொண்டிருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களின் சுவருக்குத்தான் முதலில் போய் நிற்பார்.

அவர் வீடு பூசாமல் கிடக்கிறது. வெளிச்சுவரில் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. வாசலில் தையல் இயந்திரம் போட்டு உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி, துணி கொடுக்க வருகிறவர்களுக்கு அடையாளம் சொல்லும்போது, "ஊருக்கெல்லாம் பூச்சு வேல சொல்லிக் குடுக்கிறாரே, அவரு வீடு எதுன்னு கேளுங்க. பூசாத வீட்டக் காட்டுவாங்க" என்பாள். இவர் காதிலும் அது விழும். "நல்ல கை ஒண்ணு வரட்டும்டி, பூசிடலாம்" என்பார். நல்ல கைகள் எத்தனையோ வந்தன. எதுவும் தங்கவில்லை. அவருடைய சங்கடமே அதுதான்.

விஷயம் இதுதான். அவர் கொட்டகையில் ஒருவர் சேர்ந்து, பழகி, பரீட்சைச் சுவர் ஒன்று கட்டிக் காட்ட வேண்டும். அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, ரசமட்டம் வைத்து, தூக்குக்குண்டு விட்டு, திருப்தியானால் பேனாவைத் திறந்து "பாஸ்" போடுவார். சான்றிதழ் கையில் வரும். சான்றிதழ் வந்த மறுநாள் அந்த ஆள் வேலைக்கு வர மாட்டான். அரசாங்கச் சான்றிதழ் உள்ள கொத்தனார் என்றால் தனியார் கட்டுமானக்காரர்கள் கொத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். அடுக்குமாடி, வணிக வளாகம், வெளிநாடு. படிப்பு முடியாதவன்தான் வேறு போக்கிடம் இல்லாமல் பல்கலைக்கழகத்துக்குச் செங்கல் அடுக்குகிறான். அடுக்கத் தெரிந்ததும் கம்பி நீட்டிவிடுகிறான்.

ஆக, அவர் எவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறாரோ அவ்வளவு வேகமாகத் தளம் காலியாகிறது. ஊரில் புதிதாக வந்த வீடுகள், கடைகள், மருந்துக் கிடங்கு, சினிமாக் கொட்டகையின் கழிப்பறை உட்பட எல்லாம் பிசிறில்லாமல் நிமிர்ந்து நிற்கின்றன. இத்தனைக்கும் காரணமான பல்கலைக்கழகம் மட்டும் இடுப்பளவில் நின்றுபோய், மழையில் பாசி பிடித்துக் கிடக்கிறது. விடுமுறை நாளில் அவர் கடைத்தெருவில் நடந்தால் அரைமணி நேர வேலைக்குப் பாதி நாள் ஆகும். ஒவ்வொரு புதுச் சுவராக நின்று தடவிப் பார்ப்பார். "இது நம்ம ஆளு கட்டினது. மூலையப் பாரு, கத்தி மாதிரி இல்ல?" என்று கூட வந்தவரிடம் பெருமையடிப்பார். அடுத்த அடி வைப்பதற்குள் முகம் சுருங்கிவிடும். "நன்றி கெட்ட பய. லைப்ரரி ஹால் ஜன்னல் வரைக்குமாவது இருந்துட்டுப் போயிருக்கலாம்."

லைப்ரரி ஹால் என்பது அவர் நெஞ்சில் தைத்த முள். அவருடைய ஒரே மகள் அதே வளாகத்தில், இன்னொரு தகரக் கொட்டகையில் சரித்திரம் படிக்கிறாள். கட்டடம் வரும்வரை தற்காலிகமாக என்று போட்ட கொட்டகை. அவள் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் பல்கலைக்கழகம். "மழை வந்தா தகரம் போடற சத்தத்துல ஒண்ணும் கேக்காதுப்பா. சாரு போர்டு பக்கம் திரும்பி எழுதிக்கிட்டே இருப்பாரு. மழை விட்டதும் திரும்பிப் பாத்து, 'புரிஞ்சுதா'ன்னு கேப்பாரு" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரித்தாள், இவருக்குச் சோறு இறங்கவில்லை. "நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்த ஹால்ல உக்காந்து ஒரு புஸ்தகமாவது படிப்ப. அப்பா வாக்கு" என்று எழுந்துவிட்டார். அவளுக்கு இது கடைசி வருஷம்.

ஹாலைப் படத்தில் வரைந்த மகராசன் அதற்கு ஒரு வளைவுச் சுவர் வைத்திருந்தான். நேர்ச் சுவருக்கே ஆள் தங்காத இடத்தில் வளைவுச் சுவர்! செங்கல் நேராக இருக்கும், சுவர் வளைய வேண்டும். நடுவில் ஒரு கம்பியை நட்டு, அதிலிருந்து கட்டையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து, உள்பக்கம் நெருக்கி, வெளிப்பக்கம் விட்டு, ஒவ்வொரு வரியாக ஏற்ற வேண்டும். எத்தனையோ பேரை விட்டுப் பார்த்தார். ஒருவன் கட்டியது பலகோணமாக வந்தது. இன்னொருவன் நன்றாக வளைத்தான், ஆனால் படத்துக்கு எதிர்ப்பக்கமாக.

அந்தச் சமயத்தில்தான் பட்டாளம் வந்து சேர்ந்தாள். பட்டாளம் என்பது அவளுக்குக் கூட இருந்தவர்கள் வைத்த பேர். வருஷக் கணக்காகத் தலையில் கலவைச் சட்டி சுமந்ததில் முதுகு கம்பு மாதிரி நிமிர்ந்துவிட்டது. தலையில் சுமை இல்லாதபோதும் சுமை இருக்கிற மாதிரியே, கழுத்தைத் திருப்பாமல், உடம்போடு திரும்பிப் பார்ப்பாள். சித்தாளாகவே காலம் தள்ளியது போதும், கரண்டி பிடிக்க வேண்டும் என்று வந்தாள். முதல் நாளே, "வாத்தியாரே, கலவை எப்படிக் கலக்கணும்னு எனக்குச் சொல்ல வேணாம். அது என் தலைக்கே தெரியும். மேல என்ன பண்றாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

அவள் வந்ததற்குக் காரணம் வேறொன்றும் இருந்தது. பக்கத்து ஊரில் ஒரு மருத்துவமனை கட்டுகிறார்கள். அந்தக் குத்தகைக்காரர் பெண்களாகவே ஒரு கொத்தனார் குழு இருந்தால் உட்சுவர் வேலை முழுவதையும் தருகிறேன் என்றிருந்தார். குழுவுக்குத் தலைமை தாங்குகிறவளிடம் சான்றிதழ் இருக்க வேண்டும். சித்தாள் வேலை பார்க்கும் பெண்கள் சிலர் பட்டாளத்தின் பின்னால் வரத் தயாராக இருந்தார்கள். அவள் கையில் அந்தக் காகிதம் வருவதுதான் பாக்கி.

பழகியபின் பரீட்சைச் சுவர் கட்டினாள். வாத்தியார் சுற்றி வந்தார். ரசமட்டம் வைத்தார்; குமிழி நடுவில் உட்கார்ந்தது. தூக்குக்குண்டு விட்டார், நூல் சுவரோடு ஒட்டிக்கொண்டு இறங்கியது. மூலைமட்டம் வைத்தார். பேனாவைத் திறந்தார். திறந்தவருக்கு, இவள் நாளையிலிருந்து வர மாட்டாள் என்பது சுளீரென்று உறைத்தது. வளைவுச் சுவரைக் கட்டக்கூடிய கை உலகத்தில் ஒன்று இருக்கிறதென்றால் அது இதோ எதிரில், கலவை காய்ந்து நிற்கிறது. பேனாவை மூடினார்.

"ஜாயின்ட்டு ஒரு நூல் கனமா இருக்கும்மா."

"எங்க வாத்தியாரே?"

"பரவலா" என்றார்.

அடுத்த பரீட்சையில் அவள் ஒவ்வொரு இடைவெளியையும் ஒரு குச்சியை வைத்து அளந்து கட்டினாள். "சுவரு சரிதான். தரையப் பாரு, எவ்ளோ சிந்தியிருக்க. நல்ல கொத்தனாரு எறும்புக்குக் கூடக் கலவை விட மாட்டான்." அதற்கடுத்த பரீட்சைக்கு அவள் கீழே சாக்கு விரித்துக் கட்டினாள். சாக்கில் ஒரு சொட்டு இல்லை. வாத்தியார் இந்தப் பக்கம் போனார், அந்தப் பக்கம் போனார், கண்ணைச் சுருக்கினார், தள்ளி நின்று பார்த்தார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா சுவத்துக்கு ஒரு களை இல்ல."

"களையா?"

"முகக்களை. அது சொல்லிக் குடுத்து வராது. தானா வரணும்."

பாவம், அவள் நம்பினாள். சாப்பாட்டு வேளையில் மற்றவர்களிடம், "சுவத்துக்குக் களைன்னா என்னங்க?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. செங்கல்லை ஒரே நிறமாகப் பொறுக்கிப் பார்த்தாள். ஈரத்துணியால் முகப்பைத் துடைத்துப் பார்த்தாள். கட்டி முடித்தபின் எதிரில் உட்கார்ந்து, பிள்ளை முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பாள். இதில் வேடிக்கை என்னவென்றால், இல்லாத குறையைத் தேடித் தேடித் திருத்தியதில் அவள் கட்டிய சுவர்களுக்கு நிஜமாகவே ஒரு களை வந்துவிட்டது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பொய் சொல்லியே ஒருவரை இவ்வளவு தூரம் தேற்றிய வாத்தியார் வேறு எங்கேயும் இருக்க முடியாது.

ஃபெயில் போட்ட கையோடு அவளைக் கொண்டுபோய் லைப்ரரி ஹாலில் விட்டார். "இங்க பழகு. வளைவு பழகினா களை தானா வரும்." அவர் எழுதி வைத்த கணக்கில் அது பயிற்சிச் சுவர். பயிற்சிச் சுவர் நாளுக்கு நாள் உயர்ந்தது. ஜன்னல் மட்டம் வந்தது, ஜன்னலைத் தாண்டியது. சாயங்கால வெயில் அதன்மேல் விழும்போது வாத்தியார் எதிரே போய் நின்று, மகள் எந்த ஜன்னலோரம் உட்காருவாள் என்று மனசுக்குள் நாற்காலி போட்டுப் பார்ப்பார். வளைவு முடிந்த மறுநாளே பாஸ் போட்டுவிடுவது என்று தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டார். அப்படிச் சத்தியம் செய்துகொண்டதில் தான் நல்லவர் என்றே அவருக்குத் தோன்றிவிட்டது.

வீட்டில் இதைச் சிரிப்பாகச் சொல்லப் போய் மாட்டிக்கொண்டார். "களை இல்லன்னு சொல்லிட்டேன்டி. அவ மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே!"

மனைவி தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "சுவரு நல்லா இருந்துச்சா, இல்லியா?"

"நல்லாவா? நான்கூட அப்படிக் கட்டினது கெடையாது."

"அப்புறம் எதுக்கு ஃபெயிலு?"

"பாஸ் போட்டா போயிடுவாடி. ஹாலு அப்படியே நின்னுடும். நம்ம பொண்ணுக்குன்னுதானே பண்றேன்?"

"நம்ம பொண்ணுக்கு ஒரு வாத்தியாரு இந்த மாதிரி மார்க்குப் போட்டா நீங்க சும்மா இருப்பீங்களா? குடியக் கெடுத்துட்டான்னு கத்திக்கிட்டுப் போய் நிக்க மாட்டீங்க?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவளுக்காகத்தான்னா அவகிட்டயே சொல்லுங்களேன். இப்படித்தான் உனக்கு ஹாலு கட்டறேன்னு. கேட்டு சந்தோஷப்படட்டும்."

வாத்தியார் எழுந்தார். தண்ணீர்த் தொட்டி வழிகிறதா என்று பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வெளியே போனார். தொட்டியில் தண்ணீர் வந்து ரெண்டு நாளாகிறது.

இந்த நிலைமையில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து தரம் பார்க்கிற அதிகாரி வந்தார். ஒரு நடுத்தர வயது அம்மாள். வேலை நடக்கும் இடத்துக்கென்றே தனியாக ஒரு ஜோடி கனத்த காலணி வைத்திருக்கிறவர். இடுப்பளவுச் சுவர்களையெல்லாம் நிற்காமல் பார்த்துக்கொண்டு வந்தவர், லைப்ரரி ஹாலுக்கு வந்ததும் நின்றார். உள்ளங்கையை வைத்து வளைவோடு நடந்தார். கூடவே வந்த, தளத்தின் இளம் இன்ஜினியருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்தபின் ஓர் அதிகாரி பாராட்டுகிற மாதிரி நின்றது அதுதான் முதல் தடவை.

"யாரு கட்டினது?"

"எங்க பயிற்சில பழகினவங்கதான் மேடம்" என்று இன்ஜினியர் சாரத்தைக் காட்டினார். மேலே பட்டாளம் கழுத்தைத் திருப்பாமல், உடம்போடு திரும்பிப் பார்த்தாள்.

"எப்ப பாஸ் பண்ணாங்க?"

இன்ஜினியர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் சுவரைப் பார்த்தார்.

"இன்னும் இல்ல மேடம். மூணு தடவ ஃபெயிலு" என்றார் இன்ஜினியர், குரலைத் தாழ்த்தி.

"அப்ப இது?"

"பயிற்சிச் சுவரு மேடம்" என்றார் வாத்தியார்.

"பயிற்சிச் சுவத்துக்கு அஸ்திவாரம் எதுக்கு? ஜன்னல் எதுக்கு?" அதிகாரி குரலை உயர்த்தவில்லை. "பரீட்சைல ஃபெயிலான கை நிரந்தரச் சுவத்தத் தொடக் கூடாது, தொட்டா இடிச்சிடணும்னு இங்க ஒரு விதி இருக்கு. எந்த ஊர்லயும் இல்ல, இங்க மட்டும்தான் இருக்கு. எழுதினவங்க ரொம்பக் கறாரான ஆளு போல."

எழுதியவர் யாரென்று அங்கே எல்லாருக்கும் தெரியும். பதவி கிடைத்த புதிதில், முதல் கூட்டத்தில் எழுந்து நின்று, வெள்ளைச் சட்டை விறைக்க, "இத சேக்காம நான் உக்கார மாட்டேன்" என்று அடம்பிடித்துச் சேர்க்க வைத்தவர் இதே வாத்தியார்தான்.

இன்ஜினியர் நல்ல பையன். வாத்தியாரின் காதோரம் வந்து, "தேதிய முன்னாடி போட்டுடலாம் வாத்தியாரே. எப்பவோ பாஸ் போட்டாச்சு, சொல்ல மறந்துட்டேன்னு சொல்லுங்க. சுவரும் நிக்கும், உங்களுக்கும் ஒண்ணும் வராது" என்றார். பூசி மெழுகுவதற்கு இதைவிட நல்ல கலவை கிடைக்காது. வாத்தியாருக்கு உயிர் வந்தது. தொண்டையைச் செருமினார்.

"அது வந்து மேடம்... பாஸ்தான். நான்தான் சொல்ல மறந்து..."

"மறக்கல."

பட்டாளம் ஏணியில் இறங்கி வந்தாள். கையில் கரண்டி இருந்தது. "மறந்துட்டேன்னு சொல்லாதீங்க வாத்தியாரே. களை இல்லன்னு சொன்னீங்க" என்றாள். அப்புறம் அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்: "கட்டின சுவத்த நானே தடவித் தடவிப் பாத்தேம்மா, எங்க கோளாறுன்னு. ஒண்ணும் தெரியல. தெரியலன்னதும், சரி, எனக்குத் தெரியற அளவுக்கு அறிவில்ல போலன்னு நெனச்சிக்கிட்டேன். வீட்டுல, 'உனக்குத் தலைலதான் பலம், கைல இல்ல'ன்னு சிரிச்சாங்க. என்கூட வர்றதா இருந்தவங்க ஒவ்வொருத்தரா வேற எடம் பாத்துப் போயிட்டாங்க. ஆஸ்பத்திரி வேலையும் பாதி கைவிட்டுப் போச்சு. இத இடிக்கணும்னா இடிச்சிக்குங்க. ஆனா என்ன கோளாறுன்னு சொல்லிட்டு இடிங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் வாத்தியாருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஆறுதல் சொல்லி அதற்குள் ஒளிந்துகொண்டிருப்பார். கொட்டகையிலிருந்து பயிலுகிறவர்கள் எல்லாரும் வந்து நின்றிருந்தார்கள். அவர் சுவரை ஒருமுறை பார்த்தார். ஜன்னலோரம் மனசுக்குள் போட்டு வைத்திருந்த நாற்காலியைப் பார்த்தார். இனி வாயைத் திறந்தால் வேலை போகும், மானம் போகும். திறக்காவிட்டால் இவள் ஆயுசுக்கும் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பாள்.

"கோளாறு சுவத்துல இல்ல மேடம்" என்றார். பாடம் நடத்துகிற அதே பெரிய குரலில்தான் வந்தது. அவருக்கு வேறு குரல் கிடையாது. "மொதல் தடவையே சரியாத்தான் இருந்துச்சு. ஜாயின்ட்டு கனம்னு சொன்னது பொய். சிந்தினதுன்னு சொன்னது சாக்கு. களைன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. பாஸ் போட்டா போயிடுவாங்கன்னு நான்தான் புடிச்சு வச்சேன். இந்த மாதிரி கைய நான் பாத்ததில்ல."

அதிகாரி காலணி முனையால் ஒரு செங்கல் துண்டைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, "மொதல் பரீட்சை தேதிலயே சான்றிதழ் போடுங்க. ஏன் தாமதம்னு காரணமும் இப்ப சொன்னீங்களே, அதையே எழுதுங்க. சுவரு நிக்கட்டும். உங்களப் பத்தி நான் மேல எழுதத்தான் போறேன்" என்றார். வாத்தியார் தலையாட்டினார். மேலே எழுதியதற்கு என்ன பதில் வந்ததென்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கே, பூசாத சுவரில் சாய்ந்து நின்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து போய் அவருக்குத் தட்டு வைத்தாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவருக்கு இன்னமும் புரியவில்லை.

அது சாயங்காலக் கதை. ஹாலில் அப்போது நடந்தது வேறு. வாத்தியார் அங்கேயே எழுதிக் கொடுத்த சான்றிதழைப் பட்டாளம் வாங்கினாள். எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தாள். மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள். அவள் வாசலைப் பார்த்து நடப்பாள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் கரண்டியைத் தண்ணீரில் கழுவிவிட்டு ஏணியில் ஏறினாள்.

வாத்தியார் கீழே வந்து நின்றார். "போகலியாம்மா?"

"போவேன். வளைவு முடிஞ்சதும் போவேன். பாதில விட்டா வேற யாராவது வந்து கை வைப்பாங்க."

"நல்லா இருப்பம்மா. எம் பொண்ணு..."

"உங்களுக்காக இல்ல" என்றாள் பட்டாளம். நூலை இழுத்துக் கட்டினாள். கட்டையைச் சுழற்றிப் பார்த்தாள். ஒரு செங்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, கீழே பார்க்காமலே குரல் கொடுத்தாள்:

"கலவை!"

கொத்தனார் மேலேயிருந்து கலவை என்று கூப்பிட்டால் சித்தாள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இத்தனை நாளும் அவளுக்கென்று சித்தாள் யாரும் கிடையாது. பயிலுகிறவள்தானே, அவளே இறங்கி வந்து அள்ளிக்கொண்டு ஏறுவாள். யார் போவது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாத்தியார் பேனாவை எடுத்து இன்ஜினியரிடம் கொடுத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். குவியலிலிருந்து கலவையை அள்ளிச் சட்டியில் போட்டார். துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, சட்டியைத் தூக்கிக்கொண்டார். பழக்கம் விட்டுப்போன கழுத்து நடுங்கியது. ஒரு கையால் சட்டியையும் ஒரு கையால் ஏணியையும் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று நின்று, வெள்ளைச் சட்டையில் கலவை வழிய, மேலே போய்ச் சேர்ந்தார்.

பட்டாளம் சட்டியில் கரண்டியை விட்டுக் கொஞ்சம் அள்ளினாள். சாய்த்தாள். கலவை கரண்டியில் ஒட்டவுமில்லை, ஓடவுமில்லை. கொஞ்சம் யோசித்து, மெதுவாக இறங்கியது. அவள் அதைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"தண்ணி ஜாஸ்தி" என்றாள். "வேற கொண்டாங்க."

வாத்தியார் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். சட்டியை மறுபடியும் தலையில் ஏற்றிக்கொண்டு, கால் துழாவி ஏணிப்படியைத் தேடி, இறங்க ஆரம்பித்தார்.